திருநீறு தின்ற இஞ்சின்

என் மதினியின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் இப்போது அவள் குடியிருக்கிற ஓசூரிலிருந்து போன் வரும். "எம்பேரை எதுக்கு இழுத்தே?" என்று கேட்பாள். கேட்டதோடு விடமாட்டாள். "எழுதுனது பரவால்ல, நடுவுல கொஞ்சம் இழுவை" என்றும் சேர்த்துக்கொள்வாள். நாலு நல்ல வார்த்தை கேட்கலாம் என்ற ஆசையோடு என் மதினியிடம் போனவர்கள் யாரும் முழுசாகத் திரும்பி வந்ததில்லை.

அவள் என் அண்ணன் பொண்டாட்டி. கோவில்பட்டிக்காரி. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தாள். நூலைச் சோதித்து, இது தேறும், இது தேறாது என்று சொல்ல வேண்டும். அந்த நாற்காலியில் அவளைக் கொண்டுபோய் உட்கார வைத்த புண்ணியவான் யாரோ, ஆளைப் பார்த்தவுடன் அளந்துவிட்டார். பகல் முழுக்க மில்லில் குறை சொல்லிவிட்டு, மிச்சம் மீதியை வீட்டுக்குக் கொண்டுவந்து எங்களிடம் இறக்குவாள்.

வீட்டுக்கு வந்து காப்பியைக் குடித்தால் நேரே மொட்டை மாடிதான். அங்கேதான் அவளுடைய இஞ்சின்கள் இருந்தன. இஞ்சின் என்றதும் கிணற்று மோட்டார் அளவுக்கு நினைத்துவிட வேண்டாம். உள்ளங்கையில் இரண்டை வைக்கலாம். விளையாட்டு விமானத்தின் மூக்கில் பூட்டிப் பறக்கவிட அந்தக் காலத்தில் செய்தவை. எங்கள் அம்மாவைவிட வயது கூடியவையும் அதில் உண்டு. பிளக் கிடையாது, கரண்ட் கிடையாது. ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றையும் கலந்து ஊற்றி, முன்னால் இருக்கிற சின்ன விசிறியை விரலால் சுண்ட வேண்டும். உள்ளே பிஸ்டன் ஏறிக் காற்றை நெருக்கும்போது தானே பற்றிக்கொள்ளும். பற்றிக்கொண்டால் தெருவே அண்ணாந்து பார்க்கும். அவ்வளவு சின்னச் சாமானுக்கு அவ்வளவு பெரிய தொண்டை.

மதுரையில் காலேஜ் படித்தபோது என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தாளாம். அங்கே பிடித்த பைத்தியம். கல்யாணத்தில் சீர்ச் சாமான்களோடு ஒரு தகரப் பெட்டியும் வந்து இறங்கியது. நகைப்பெட்டி என்று நினைத்து அம்மா ஆசையாகத் திறந்தாள். உள்ளே கறுப்பேறிய இஞ்சின்கள் மூன்று, எண்ணெய்ப் பிசுக்கில் சுருண்ட கந்தல் துணி, பல் தேய்க்கிற பிரஷ் ஒன்று. அம்மாவின் முகம் போன போக்கை அண்ணன் இன்றைக்கும் நடித்துக் காட்டுவான்.

பழைய இஞ்சின்களில் விளக்கெண்ணெய் உறைந்து கோந்தாகிப் பிஸ்டனைக் கவ்விக்கொண்டிருக்கும். அவற்றை இளக்க மதினி ஒரு பழைய இட்லிக் கொப்பரை வைத்திருந்தாள். அதில் கார் ரேடியேட்டருக்கு ஊற்றுகிற கூலன்ட்டை ஊற்றி, இஞ்சினைப் போட்டு, சின்னத் தீயில் வேகவைப்பாள். எந்த அவசரமும் இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள். உபயோகம் இல்லாமல் கிடந்த ஆட்டுரலை மாடிக்கு ஏற்றச் சொல்லி, அதன் மேல் கட்டையை வைத்து போல்ட்டில் முடுக்கி, அதில்தான் இஞ்சினைப் பூட்டி ஓட்டுவாள். எவ்வளவு அதிர்ந்தாலும் ஆட்டுரல் அசையாது. ஈதர் வாசம் ஆஸ்பத்திரி வாசம் அல்லவா? புதிதாகக் குடிவந்த எதிர்வீட்டு அக்கா ஒருநாள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, "வீட்ல யாருக்குங்க முடியல?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நான் வாக்கப்பட்டது ஸ்ரீவில்லிபுத்தூரில். எங்களுக்குப் பால்கோவா கடை. ஒருமுறை மதினி கடைக்கு வந்தபோது கூட்டம் நிறைந்து நின்றது. தட்டில் கொஞ்சம் வைத்து நீட்டினேன். வாயில் போட்டவள் கண்ணை மூடினாள். நான் காத்திருந்தேன். வாங்க வந்தவர்களும் காத்திருந்தார்கள்.

"அடிப்பிடிச்சிருக்கு" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தட்டையே பிடுங்கியிருப்பேன். என் வீட்டுக்காரர் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டார். அந்தச் சட்டியை உள்ளே எடுத்துப் போய்விட்டார். அன்றிலிருந்து அவர் எந்தச் சட்டி இறக்கினாலும், "ஒங்க மதினி நின்னா என்ன சொல்லுவா?" என்று கேட்டுக்கொண்டுதான் வாயில் வைப்பார். எங்கள் கடைக்கு இன்றைக்கு இருக்கிற பெயரில் அந்த மகராசிக்கும் பங்கு உண்டு. இதை அவளிடம் சொன்னால், "ஆமா, உண்டு" என்பாள்.

சங்கரன்கோவிலிலிருந்து ஒரு பெரிய மனிதர் இஞ்சின் ஒன்றை வெல்வெட் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். வெள்ளிப் பாத்திரம் போல மெருகேற்றி வைத்திருந்தார். பார்த்துவிட்டு என்ன சொல்லப் போகிறாளோ என்று அவர் முகமெல்லாம் சிரிப்பு. மதினி விசிறியை ஒரே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். நெருக்கம் இல்லாமல் அது காற்றாடியாகச் சுற்றியது.

"மேக்கப் நல்லாருக்கு அண்ணாச்சி. உள்ள உசிரு இல்ல. பிஸ்டனையும் சேத்துப் பாலிஷ் போட்டுட்டீய."

அவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். கோபித்துக்கொண்டு போனவர் மறு மாதம் மெருகேற்றாத இன்னொரு இஞ்சினோடு வந்தார். இந்தத் தடவை வெல்வெட் இல்லை. மதினி அதைச் சரி செய்து, ஓட்டிக் காட்டி, "இது நல்ல சாமான்" என்று இரண்டு வார்த்தை சொன்னாள். அந்த மனிதர் தெருமுனை வரைக்கும் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு போனதை நான் வாசலில் நின்று பார்த்தேன்.

தனக்கு நஷ்டம் வருகிற இடத்திலும் அந்த வாய் அடங்காது. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் கடைக்குப் பின்தெருவில் ஒரு பாய் பழைய இரும்புக் கடை வைத்திருந்தார். துருப்பிடித்த பூட்டும் குழாய்த் திருகும் குவிந்த கூடையில் மதினி கையைவிட்டு ஒன்றை எடுத்தாள். எடுத்ததை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாய் அதை வாங்கித் தராசில் வைக்கப் போனார்.

"தையல் மிஷின் பாகமாம்மா இது?"

நானாக இருந்தால் 'ஆமா பாய்' என்று சொல்லி வாங்கிக்கொண்டு ஓடியிருப்பேன். அவளோ, "இல்ல பாய், எடை போடாதீங்க. இது வெளிநாட்டு இஞ்சின். எடைக்குப் போடுற சாமான் இல்ல, இதுக்கு மதிப்பு சாஸ்தி" என்றாள். நான் அவள் முதுகில் கிள்ளினேன். "ஏன் கிள்ளுதே?" என்று சத்தமாகக் கேட்டாள். பாய் விழுந்து விழுந்து சிரித்தார். "வாங்க வந்தவுகளே விலையை ஏத்தி இப்பத்தாம்மா பாக்கேன். நீயே வச்சுக்க. ஓடுனா எனக்கும் ஒருநாள் காட்டு" என்று காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டார்.

அந்த இஞ்சின்தான் இந்தக் கதைக்கே நாயகம். பல மாதங்கள் அதோடு மல்லுக்கட்டினாள். கொப்பரையில் வேகவைத்துக் கழற்றி, எண்ணெயை அளந்துவிடுகிற ஊசித் திருகு உடைந்திருந்ததால் வேறொன்று செய்து, விசிறிக்கு மரம் செதுக்கி, கடைசியில் அது ஓடிய அன்று மாடியில் நின்று கையைத் தட்டிக்கொண்டு குதித்தாளாம். நான் அதைப் பார்க்கவில்லை. வீடியோவில் சத்தம் மட்டும் கேட்டேன். பழைய இஞ்சின் பைத்தியங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. மதுரை, திருச்சி, கோயம்புத்தூர் என்று ஊர் ஊராக ஆட்கள். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு அவர்கள் ஆடிப்போனார்கள். அந்த ரகத்தில் ஓடுகிற இஞ்சினை அவர்களில் யாருமே நேரில் கேட்டதில்லையாம்.

வருஷத்துக்கு ஒருமுறை அவர்கள் ஏதாவது ஓர் ஊரில் கூடுவார்கள். ஒரு நீள மேசை போடுவார்கள். ஓடுகிற இஞ்சினை மட்டுமே அதில் வைக்கலாம். ஓடாததை எவ்வளவு பெரிய ஆள் கொண்டுவந்தாலும் பையைவிட்டு எடுக்கக் கூடாது. இன்னொரு வழக்கமும் உண்டு. விசிறியைச் சுண்டுவதற்கு முன்னால் அந்த இஞ்சினில் எதை மாற்றினோம், எது பழசு என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட வேண்டும். அந்த வருஷம் மதினியின் இஞ்சினைக் கேட்பதற்காகவே எங்கள் பக்கம் கூடுவது என்று முடிவானது. இடம் கொடுத்தது என் வீட்டுக்காரரின் சித்தப்பா. திருவண்ணாமலை அடிவாரத்தில் அவர் தோப்பை ஒட்டி ஒரு பொட்டல். திருவண்ணாமலை என்றால் எங்கள் ஊர்த் திருவண்ணாமலை, பெருமாள் இருக்கிற மலை. புரட்டாசிச் சனிக்கிழமைக் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு, ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தார்கள். மதினி தரையில் நிற்கவில்லை. அந்த மேசையில் தன் இஞ்சின் ஓட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பு இல்லை.

இங்கே என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா இருந்தபோது எங்கள் வீட்டுப் பின்கட்டில் பேண்டேஜ் துணித் தறிகள் ஓடின. அப்பா போன பிறகும் இரண்டு தறிகளை அம்மா விடாமல் வைத்திருந்தாள். ஆயுத பூஜை வந்தால் தறி, தராசு, அரிவாள்மனை, தையல் மிஷின், அண்ணனின் பைக் என்று எதையும் விடாமல் கழுவித் திருநீறும் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். மதினியின் தகரப் பெட்டிப் பக்கம் மட்டும் போக மாட்டாள். "வேலைச் சாமானுக்குத்தான் பூஜை. அதெல்லாம் வெளையாட்டுச் சாமான்" என்பாள். மதினி வந்த வருஷத்திலிருந்து அப்படித்தான். மதினியும் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் பூஜை முடிந்து தட்டு எடுத்துக்கொண்டு எல்லோரும் நகரும்போது அவள் கண் ஒருமுறை மாடிப்படியைப் பார்த்துத் திரும்பும். அதை நான் கவனித்திருக்கிறேன்.

அந்த வருஷம் வீட்டு போனுக்கு வெளியூர்க்காரர்கள் அழைத்தபடி இருந்தார்கள். ஒருவர் அம்மாவிடமே, "அந்த இஞ்சின் இருக்கிற வீடுதானேம்மா?" என்று கேட்டுவிட்டார். அம்மா போனை வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தாளாம். ஆயுத பூஜைக்கு நான் பிள்ளைகளோடு போயிருந்தேன். மதினி குளிக்கப் போன நேரம் அம்மா மூட்டுவலியோடு மாடியேறி, யாரிடமும் சொல்லாமல் பெட்டியைத் திறந்திருக்கிறாள்.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததைக் கையில் எடுத்துத் தொழில் தொடங்குகிற நாள். மதினி இஞ்சினை ஆட்டுரலில் பூட்டினாள். நானும் வேடிக்கை பார்க்க மாடிக்குப் போயிருந்தேன். விரலில் சைக்கிள் கைப்பிடி ரப்பரை மாட்டிக்கொண்டு சுண்டினாள். இரண்டாவது சுண்டலில் பிடித்துக்கொண்டது. நான் கைதட்டினேன். செத்த நேரத்தில் சத்தம் இழுத்தது, இருமியது, நின்றுவிட்டது. மறுபடி சுண்டினாள். விசிறி சும்மா சுற்றியது.

மதினி பின்பக்க மூடியைக் கழற்றினாள். வழிந்த எண்ணெயை இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். சாம்பல் நிறத்தில் நரநரவென்றிருந்த அந்த எண்ணெயை என்னிடமும் நீட்டினாள். ஈதர் வாசத்தையும் மீறிக் கோவில் வாசம் அடித்தது.

"துண்ணூறு" என்றாள். கட்டையின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றி அப்படியே குனிந்து நின்றாள். என் மதினி அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

சத்தம் நின்றதைக் கேட்டு அண்ணன் மேலே வந்தான். விஷயம் புரிந்ததும் தலையில் கைவைத்துக்கொண்டான். வெளியூர்க்காரர்கள் வருவதற்கு மூன்று வாரம்கூட இல்லை. ஆனாலும் எங்கள் இருவருக்கும் முதலில் வந்த கவலை அம்மாவைப் பற்றித்தான்.

"எம்மாகிட்டச் சொல்லிறாத" என்றான் அண்ணன். "இத்தன வருசத்துல மொத தடவையா ஆசப்பட்டு வச்சிருக்கா. ஸ்குரு கழண்டு போச்சுன்னு சொல்லிருவோம்."

"கழலாத ஸ்குருவை எதுக்குக் கழண்டுச்சுங்கணும்?"

"அம்மா தாங்க மாட்டா மதினி" என்றேன் நான்.

"ஏன், அவிய என்ன பச்சப் பிள்ளையா? தறி ஓட்டுன மனுசி. சாமான் ஏன் கெட்டுச்சுன்னு அவியளுக்குத் தெரிய வேண்டாமா?"

மூக்கைச் சிந்திவிட்டுக் கீழே இறங்கிவிட்டாள். நாங்கள் இருவரும் பின்னாலேயே ஓடினோம். அம்மா அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, நேத்து என் இஞ்சினுக்குத் துண்ணூறு பூசுனீயளா?"

அம்மாவின் முகம் மலர்ந்ததை நான் எப்படி மறப்பேன்! "கண்டுபிடிச்சிட்டியா? எல்லாத்துக்கும் வச்சேன். எல்லாரும் போன்ல கேக்குற அந்த ஒண்ணுக்கு நல்லா அழுத்தமாவே பூசுனேன். ஒனக்குத்தான் அழுக்கு ஆகாதேன்னு இன்னைக்கு வெள்ளன எந்திரிச்சு ஊதி ஊதித் தொடச்சு வச்சேனே, எப்படிட்டி தெரிஞ்சுச்சு?"

"ஊதுனதுல உள்ள போயிருச்சு அத்தை. பிஸ்டன் ஏறி இறங்குற எடம் வழுவழுன்னு இருக்கணும். துண்ணூறு அரமா அராவி விட்டுருச்சு. இஞ்சின் போச்சு."

"போச்சுன்னா?"

"போச்சுதான். இனி ஓடாது."

அண்ணன் கூரையைப் பார்த்தான். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். அடுப்பை அணைத்தாள். தறிக்கூடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டதற்கும் வரவில்லை. எனக்கு மதினி மேல் கோபம் கோபமாக வந்தது. உண்மை பேசுகிறவர்களோடு குடித்தனம் நடத்துவது லேசில்லை.

சாயங்காலம் அம்மா மாடியேறினாள். ஒவ்வொரு படிக்கும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மதினி இஞ்சினைக் கழற்றி, பாகம் பாகமாக மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மத்தவங்க எங்கிட்டச் சொல்ல வேண்டாம்னாங்களோ?"

"ஆமா."

"நீ ஏன் சொன்னே?"

"நீங்க கேக்க வேண்டிய விசயம், சொன்னேன்."

அம்மா ஆட்டுரலில் சாய்ந்து நின்றாள். "நான் கெடுத்தேன், நானே சரி பண்ணித் தாரேன். என்ன செய்யணும்னு சொல்லு" என்றாள்.

"புதுசா பிஸ்டன் கடையணும். கொஞ்சம் தடிமனாக் கடைஞ்சு, மாவு போட்டுக் கையாலயே தேய்ச்சுத் தேய்ச்சு அந்தத் துளைக்குள்ள ஒட்ட வைக்கணும். எனக்கு மில்லுல ஆடிட், நாள் பத்தாது. நீங்க செய்ய முடியாது அத்தை. ஒங்களுக்குப் பொறுமை கெடையாது."

"எனக்கா பொறுமை கெடையாது? ஏட்டி, ஒங்கூட இம்புட்டு வருசமாக் குடித்தனம் பண்ணுதேன், இதுக்கு மேல என்னட்டி பொறுமை வேணும்?"

படியில் ஒளிந்து நின்ற அண்ணனும் நானும் வாயைப் பொத்திக்கொண்டோம். மதினி மட்டும் சிரிக்காமல், "அதுவும் சரிதான்" என்றாள்.

தெருக்கோடி லேத்துப் பட்டறைக்காரர் இரண்டு பிஸ்டன் கடைந்து கொடுத்தார். அதற்குத் தோதான இரும்பு அவரிடம் அவ்வளவுதான் இருந்தது. மதினி தேய்க்கிற முறையைக் காட்டிக் கொடுத்தாள். இரும்பை அராவுகிற மெல்லிய அரைப்பு மாவை எண்ணெயில் குழைத்துப் பிஸ்டனில் தடவி, துளைக்குள் விட்டு, திருகிக்கொண்டே முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். ஓரிடத்தில் நிற்கக் கூடாது. அடிக்கடி மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் பார்க்க வேண்டும். கீழே வழுக்கிப் போக வேண்டும், மேலே போகப் போக லேசாகப் பிடிக்க வேண்டும். பிடிப்பு போய்விட்டால் அந்தப் பிஸ்டன் குப்பை.

முதல் பிஸ்டனை அம்மா இரண்டே நாளில் முடித்துவிட்டாள். மதினி வேலைவிட்டு வந்ததும் பெருமையாக நீட்டினாள். மதினி துளையை விரலால் அடைத்துப் பிஸ்டனை இழுத்துப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு வந்தது.

"ரொம்பத் தேய்ச்சுட்டீய. இது போச்சு."

'பரவாயில்லை அத்தை' என்று ஒரு வார்த்தை வரவில்லை அந்த வாயிலிருந்து. போனில் அண்ணன் இதைச் சொன்னபோது அம்மா இத்தோடு எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அடுத்த நாள் நான் போன் செய்தால், "வேலையா இருக்கேன், பொறவு பேசு" என்று வைத்துவிட்டாள். என் அம்மா! எதிர்வீட்டு நாய் குட்டி போட்டதைக்கூட முக்கால் மணி நேரம் சொல்லுகிறவள். அந்த வாரம் முழுக்க என் போனை அவள் சரியாக எடுக்கவே இல்லை.

இரண்டாவது பிஸ்டனை அம்மா அவசரப்படுத்தவில்லை. தறியில் பாவு நூல் எவ்வளவு விறைப்பாக நிற்கிறது என்பதைக் காலமெல்லாம் தொட்டே சொன்ன விரல்கள் அவை. கொஞ்சம் தேய்ப்பாளாம், கழுவுவாளாம், கண்ணை மூடிக்கொண்டு இழுத்துப் பார்ப்பாளாம். "இங்க பிடிக்கி. இன்னும் ஒரு மயிரிழை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாளாம். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் அதை மதினியின் கையில் வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றாளாம். மதினி இழுத்துப் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். "இனி தொடாதீய" என்று மட்டும் சொல்லிவிட்டு அதை இஞ்சினில் பூட்ட மாடிக்குப் போய்விட்டாள். நன்றாயிருக்கிறதா இல்லையா என்று சொல்லவில்லை. அதை நினைத்து அம்மா அன்று தூங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மலைக்கு மேல் மேகம் கட்டியிருந்தது. மழை வந்துவிடுமோ என்று எல்லோரும் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பொட்டலில் நீள மேசை. கார்களில் வந்தவர்களும் பஸ் பிடித்து வந்தவர்களுமாக நல்ல கூட்டம். இரும்புக் கடை பாயும் வந்திருந்தார். கிருஷ்ணன்கோவில் காலேஜ் பிள்ளைகள் சிலர் மேசையைச் சுற்றி வந்தார்கள். அம்மாவை, அண்ணன் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையில் முன்வரிசையில் உட்கார வைத்தேன். மற்றவர்களின் இஞ்சின்கள் ஒவ்வொன்றாக ஓடின. கடைசியாக மதினியைக் கூப்பிட்டார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்த நரைத்த தாடிப் பெரியவர் ஒருவர்தான் கூட்டத்தை நடத்தினார். "மாத்துனது என்னென்னன்னு சொல்லிருங்க" என்றார்.

எனக்குப் பகீரென்றது. வழக்கம் அது என்று தெரியும். ஆனால் அத்தனை பேர் நடுவில் என் அம்மாவின் மானம் இந்தப் பெண்ணின் நாக்கில் இருக்கிறதே! மெதுவாக அம்மாவின் பக்கம் திரும்பினேன். அவள் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஊசித் திருகு புதுசு, விசிறி புதுசு" என்றாள் மதினி. "பிஸ்டனும் பழசு இல்ல. ஆயுத பூஜைக்கு எங்க வீட்ல இஞ்சினுக்குத் துண்ணூறு பூசுனாங்க. உள்ள போயி பழசைத் தின்னுருச்சு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அம்மாவின் தலை குனிந்துவிட்டது. எழுந்துபோய் மதினியின் வாயைப் பொத்தினால் என்ன என்று எனக்குத் தோன்றியது. மதினி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

"பூசுனவியதான் புதுசையும் தேய்ச்சு ஒட்ட வச்சாங்க. என் மாமியார். அந்தா முன்னால உக்காந்திருக்காவ. நான் இதுவரைக்கும் எத்தனையோ பிஸ்டன் தேய்ச்சிருக்கேன். இந்த அளவுக்கு எனக்கு ஒண்ணுகூட வந்ததில்ல."

சிரித்த முகங்கள் எல்லாம் அம்மாவின் பக்கம் திரும்பின. வேறு யார் அப்படிச் சொல்லியிருந்தாலும் பெரியவளைத் தேற்றுவதற்காகச் சொன்ன பேச்சு என்று அம்மாவே தள்ளிவிட்டிருப்பாள். சொன்னது மதினி. என் கல்யாணத்தன்று என்னைப் பார்த்து, "பொட்டு கோணலா இருக்கு" என்று சொன்னவள். அந்த வாய் ஒருவரைக் குளிரவைக்க ஒரு பொய் சொல்லாது என்பது அந்தப் பொட்டலில் என் அம்மாவைவிட யாருக்குத் தெரியும்? அம்மா மெல்லத் தலையை நிமிர்த்தினாள். கண் நிறைந்து வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

மதினி சுண்டினாள். ஒன்றுமில்லை. மறுபடி சுண்டினாள். புகை மட்டும் வந்தது. மேலே இருக்கிற திருகைக் கொஞ்சம் இறுக்கினாள். விசிறி அவள் விரலைத் தட்டிவிட்டது. உதறிக்கொண்டு மறுபடி சுண்டினாள். அடுத்த சுண்டலில் பிடித்தது பாருங்கள்! மலையில் பட்டுத் திரும்பியது சத்தம். தோப்பில் இருந்த காக்கையெல்லாம் கிளம்பிவிட்டது. இழுக்கவில்லை, இருமவில்லை, ஊற்றிய எண்ணெய் தீரும்வரை ஒரே சுருதியில் ஓடித்தான் நின்றது. காலேஜ் பிள்ளைகள் விசிலடித்தார்கள். பாய் யாரிடமோ, "நம்ம கடைச் சாமான்!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

தாடிக்காரப் பெரியவர் நேரே அம்மாவிடம் வந்து கும்பிட்டார். "அருமையாத் தேய்ச்சிருக்கீங்கம்மா. முதல் தடவையிலயே இப்படி வர்றது லேசு இல்ல" என்றார்.

அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"மொத தடவ இல்லய்யா. மொதல்ல ஒண்ணை அவசரப்பட்டுத் தேய்ச்சுக் கெடுத்துட்டேன். இது ரெண்டாவது" என்றாள்.

யாரும் கேட்கவில்லை. மறைத்திருந்தால் யாருக்கும் தெரியப் போவதும் இல்லை. தான் செய்த தப்பை என் அம்மா தன் வாயால் நாலு பேர் முன்னால் சொல்லி நான் அதுவரை கேட்டதே கிடையாது. மேசைக்குப் பின்னால் நின்ற மதினி, எண்ணெய்க் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஆமாய்யா, நெசந்தான். மொதல்ல செஞ்சது சுத்தமா வெளங்கல" என்றாள். மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அப்படிச் சிரித்தார்கள்.

பக்கத்தில் நின்ற திருச்சிக்காரர் என்னிடம், "யாருங்க இவங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டார்.

"எங்க வீட்டு ஆளுக" என்றேன். அவருக்குக் காதில் சரியாக விழவில்லை போலிருந்தது. எனக்கு அது வசதியாகப் போயிற்று. பொட்டல் முழுக்கக் கேட்கும்படி இன்னொருமுறை சொன்னேன்.